மாறுகண் அறுவை சிகிச்சை: அளவெடுப்பதிலிருந்து வீட்டுக் கவனிப்பு வரை

மாறுகண்ணுக்கு ஆபரேஷன் என்றதும் பெற்றோர் முதலில் கேட்பது, "கண்ணை வெளியே எடுத்து வைத்துச் செய்வார்களா?" என்பதுதான். இல்லை. கண் இருக்கும் இடத்திலேயே இருக்கும். கண்ணுக்குள் எந்தக் கருவியும் போவதில்லை. கண்ணின் வெளிச்சுவரில் பட்டையாக ஒட்டியிருக்கும் தசைகளைச் சில மில்லிமீட்டர் நகர்த்தித் தைக்கிறார்கள். லேசரில் இதைச் செய்ய முடியாது, மாத்திரையிலும் முடியாது.

அந்தச் சில மில்லிமீட்டரைச் சரியாகக் கணக்கிடுவது கண் மருத்துவரின் வேலை. தைத்து முடிக்கும்வரை குழந்தையை ஆபத்தில்லாமல் தூங்க வைத்திருப்பது மயக்க மருத்துவரின் வேலை. மூன்றாவது பங்கு வீட்டாருடையது. வெறும் வயிறு, சளி, கண்ணாடி, ஒட்டுப்போடுதல், சொட்டு மருந்து எல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. தேதி தள்ளிப்போவதும் பலன் குறைவதும் பெரும்பாலும் இந்த மூன்றாவது பங்கில் விடும் பிழைகளால்தான். அதனால் அதைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கத்தி எடுக்கும் முன்

பிறந்து மூன்று நான்கு மாதம்வரை குழந்தையின் கண் எப்போதாவது விலகி விலகி வரலாம். அதற்குப் பிறகும் விலகினாலோ, எந்த வயதிலும் எப்போதும் விலகியே இருந்தாலோ, கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். "மாறுகண் அதிர்ஷ்டம்", "வளர வளரச் சரியாகிவிடும்" என்ற இரண்டு பேச்சும் நம் ஊரில் எத்தனையோ குழந்தைகளின் பார்வையைத் தின்றிருக்கின்றன. விலகிய கண்ணிலிருந்து வரும் காட்சியை மூளை ஒதுக்கிவிடும். ஒதுக்கி ஒதுக்கி அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகிவிடும். ஏழு எட்டு வயதுக்குள் மீட்பது எளிது. அதற்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் கடினமாகிக்கொண்டே போகும்.

மூக்குத்தண்டு அகலமாகவும் கண்ணின் உள்மூலைத் தோல் சற்று மடிந்தும் இருக்கும் குழந்தைகளுக்கு மாறுகண் இருப்பதுபோல் தோன்றலாம். டார்ச் வெளிச்சத்தில் நேராகப் பார்க்கும்போது செல்போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு கருவிழியிலும் ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் விழுந்தால் அது பெரும்பாலும் தோற்றப்பிழைதான். இருந்தாலும் முடிவை மருத்துவரிடம் விடுங்கள். அதே படத்தில் ஒரு கண்ணின் பாப்பா, அதாவது கருவிழி நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், வெள்ளையாக மின்னினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய் சில குழந்தைகளில் மாறுகண்ணாகவே முதலில் தலைகாட்டும். எந்த மாறுகண் குழந்தைக்கும் பாப்பாவை விரியவைத்து விழித்திரையைப் பார்க்காமல் ஆபரேஷன் தேதி கொடுக்கக் கூடாது என்பது அதனால்தான். உங்கள் குழந்தைக்கு அந்தப் பரிசோதனை நடக்கவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

அடுத்தது கண்ணாடி. இரண்டு மூன்று வயதில் கண் உள்நோக்கித் திரும்பத் தொடங்கும் குழந்தைகளில் பலருக்குத் தூரப்பார்வைக் குறை, அதாவது ப்ளஸ் பவர், இருக்கும். தெளிவாகப் பார்க்க முயன்று முயன்று கண் உள்ளே இழுத்துக்கொள்கிறது. முழு பவரில் கண்ணாடி போட்டால் கண் நேராகிவிடும் குழந்தைக்கு அறுவையே தேவையில்லை. பாதி மட்டும் நேரானால் மீதிக்குத்தான் அறுவை. கண்ணாடி போட்டு ஆறு முதல் எட்டு வாரம் பார்க்காமல் கத்தி எடுத்தால், சில ஆண்டுகள் கழித்துக் கண் எதிர்ப்பக்கம், வெளியே ஓடலாம்.

இந்த பவரைச் சரியாகக் கண்டுபிடிக்க, சிறு குழந்தைகளுக்கு 1 சதவீத அட்ரோபின் களிம்பை மூன்று நாள் வீட்டிலேயே போடச் சொல்வார்கள். ஓர் அரிசி அளவு போதும். கீழ் இமையை இழுத்து உள்ளே வைத்து, வழிந்ததைத் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முகம் சிவந்து, வாய் வறண்டு, உடம்பு சுட்டால் மருந்து உடம்பில் ஏறிவிட்டது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் பேசுங்கள். களிம்பின் வேலை ஒன்றிரண்டு வாரம்வரை இருக்கும். அதுவரை வெயிலில் கண் கூசுவதும் பக்கத்தில் மங்குவதும் இயல்பு.

சோம்பேறிக் கண் இருந்தால் நல்ல கண்ணுக்கு ஒட்டுப்போட்டு, பலவீனமான கண்ணைப் பழக்க வேண்டும். பார்வைக் குறைவு மிதமாக இருந்தால் நாளுக்கு 2 மணி நேரம், கடுமையாக இருந்தால் 6 மணி நேரம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் தொடக்க அளவு. இதை அறுவைக்கு முன்பே முடிந்தவரை செய்துவிடுவது நல்லது. கண் நேராகத் தெரிய ஆரம்பித்ததும் "இனி எதற்கு ஒட்டு?" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். தசையை நகர்த்துவது பார்வையைக் கூட்டாது, கண்ணாடி பவரையும் குறைக்காது.

எத்தனை மில்லிமீட்டர்?

மாறுகண்ணை அளக்கும் அலகு பிரிசம் டயாப்டர். ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தும் பிரிசம் எனும் பட்டகக் கண்ணாடிக்கு 1 பிரிசம் டயாப்டர் பலம். இனி டயாப்டர் என்றால் இதுதான். குழந்தையின் கண்ணுக்கு முன் பட்டகத்தைப் பிடித்து, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடித் திறந்து, எந்த எண்ணில் கண்ணின் அசைவு நிற்கிறதோ அதுதான் அளவு. 6 மீட்டர் தூரத்திலும் 33 சென்டிமீட்டர் பக்கத்திலும், கண்ணாடி போட்டும் போடாமலும், மேலே கீழே இடம் வலம் பார்க்க வைத்தும் அளப்பார்கள். குழந்தை அழுதுகொண்டோ தூக்கக் கலக்கத்திலோ இருந்தால் அளவு பிசகும். நன்றாகத் தூங்கி எழுந்து, சாப்பிட்ட பிறகு அழைத்துப் போங்கள். அதற்குப் பிடித்த சின்ன பொம்மை ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு அளவாவது ஒத்துப்போக வேண்டும். "இன்னொரு தடவை வாங்க, அளந்து பார்த்துட்டுத் தேதி சொல்றேன்" என்கிற மருத்துவர் உங்களை இழுத்தடிக்கவில்லை. மயக்கத்தில் கண்கள் தம் இயல்பான நிலையை விட்டு விலகிப்போகும், அதனால் தியேட்டரில் வைத்துப் புதிதாக அளந்துகொள்ள முடியாது.

ஒவ்வொரு கண்ணுக்கும் ஆறு தசைகள். பெரும்பாலான அறுவைகளில் கை வைப்பது இரண்டில்தான். மூக்குப் பக்கம் இருக்கும் மீடியல் ரெக்டஸ் கருவிழி ஓரத்திலிருந்து 5.5 மி.மீ. பின்னால் ஒட்டியிருக்கும். காதுப் பக்கம் இருக்கும் லேட்டரல் ரெக்டஸ் சுமார் 7 மி.மீ. பின்னால். அதிகமாக இழுக்கும் தசையைக் கழற்றிப் பின்னால் தைத்தால் அதன் பிடி தளரும். இதை ரிசெஷன் என்பார்கள். பலவீனமான தசையில் ஒரு துண்டை எடுத்துவிட்டு மீதியைப் பழைய இடத்திலேயே தைத்தால் இழுவை கூடும், அது ரிசெக்ஷன். துண்டு எடுக்காமல் மடித்துத் தைக்கும் முறையும் உண்டு. அதில் தசையோடு வரும் இரத்தக் குழாய் பிழைக்கிறது.

உள்நோக்கிய மாறுகண் 30 டயாப்டர் என்றால் இரு கண்ணிலும் மீடியல் ரெக்டஸை 4.5 மி.மீ. பின்னால் வைப்பார்கள். 35 என்றால் 5 மி.மீ., 40 என்றால் 5.5, 50 என்றால் 6. வெளிநோக்கியதற்கு லேட்டரல் ரெக்டஸ்: 20க்கு 5 மி.மீ., 30க்கு 7, 40க்கு 8. இவை பாடப்புத்தக அட்டவணையின் எண்கள். அனுபவமுள்ள மருத்துவர் ஒவ்வொருவரும் தம் பழைய நோயாளிகளின் பலனைப் பார்த்து அரை மி.மீ. கூட்டியோ குறைத்தோ வைத்திருப்பார். அந்த அரை மி.மீ. சின்ன விஷயமில்லை. இரு கண்ணிலும் மீடியல் ரெக்டஸை அரை மி.மீ. தள்ளினால் 5 டயாப்டராவது மாறுகிறது என்பதை மேலே உள்ள எண்களே காட்டும். அளவு கூடுகிறதே என்று மீடியல் ரெக்டஸை 6, 6.5 மி.மீ.க்கு மேல் பின்னுக்குத் தள்ளினால் கண் மூக்குப் பக்கம் திரும்பவே திணறும். அப்படிப்பட்ட பெரிய கோணத்துக்கு மூன்றாவது தசையையும் சேர்த்துக்கொள்வதே மேல்.

ஒரு கண்ணில் பார்வை மிகக் குறைவு என்றால் இரண்டு தசை வேலையையும் அந்தக் கண்ணிலேயே முடித்துவிட வேண்டும். ஒரே நல்ல கண்ணை ஆபத்துக்கு உட்படுத்தக் கூடாது. "விலகுவது ஒரு கண், எதற்கு டாக்டர் இரண்டிலும் செய்கிறார்?" என்பது எதிர்த்திசைக் கேள்வி. மாறுகண் என்பது இரு கண்களுக்கும் இடையிலான கோணம். இரண்டிலும் பார்வை நன்றாக இருந்தால் அந்தக் கோணத்தை இரண்டிலும் பகிர்ந்து சரிசெய்வதில் தவறில்லை.

1839 அக்டோபரில் பெர்லினில் டீஃபன்பாக் என்ற அறுவை மருத்துவர் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மாறுகண் தசையை வெட்டிவிட்டார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வர இன்னும் ஏழு ஆண்டு இருந்தது. அந்தக் காலத்தில் தசையை வெட்டி அப்படியே விட்டுவிடுவார்கள், அது எங்கே போய் ஒட்டுகிறதோ ஒட்டட்டும் என்று. பலருக்குக் கண் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டது. இன்றைய அறுவையின் முன்னேற்றம் முழுவதும் அளந்து, தைத்து, வைத்த இடத்திலேயே நிறுத்துவதில்தான் இருக்கிறது.

வயதும் கணக்கில் வரும். பிறந்த ஆறு மாதத்துக்குள் தொடங்கும் பெரிய உள்நோக்கிய மாறுகண்ணை ஒன்று, ஒன்றரை வயதுக்குள் நேராக்கினால் இரு கண் சேர்ந்து பார்க்கும் திறன் ஓரளவாவது கிடைக்கும். வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்ளும், அவ்வப்போது மட்டும் கண் வெளியே ஓடும் குழந்தைக்கு அத்தனை அவசரம் இல்லை. கட்டுப்பாடு நன்றாக இருந்தால் நான்கு வயதுவரைகூடக் காத்திருந்து, கண்காணித்து, கட்டுப்பாடு தளரும்போது செய்யலாம்.

மயக்கத்துக்குத் தயார் செய்வது

குழந்தைகளுக்கு முழு மயக்கம்தான். முந்தைய நாளோ அதற்கும் முன்போ மயக்க மருத்துவர் உங்களைப் பார்ப்பார். அவரிடம் மறைக்கக் கூடாதவை: இழுப்பு, வலிப்பு, குறைமாதப் பிறப்பு, இதயத்தில் ஓட்டை, குறட்டை, ஆடும் பல், மருந்து ஒவ்வாமை, தசை நோய். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தில் காய்ச்சல் எகிறியதா, ஆபரேஷன் முடிந்தும் நெடுநேரம் மூச்சு வராமல் மெஷினில் வைத்தார்களா என்பதையும் பெரியவர்களிடம் விசாரித்துச் சொல்லுங்கள். ஸ்கோலின் என்ற தசை தளர்த்தி மருந்தைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. தென்னிந்தியாவில் வைசிய சமூகத்தில் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம் என்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. முன்கூட்டியே தெரிந்தால் வேறு மருந்து போட்டுவிடுவார்கள்.

சளி விஷயத்தில் தயவுசெய்து பொய் சொல்லாதீர்கள். தேதி கிடைத்துவிட்டது, லீவு போட்டாயிற்று, ஊரிலிருந்து பாட்டி வந்துவிட்டார் என்று காய்ச்சலை மறைத்து மாத்திரை கொடுத்து அழைத்து வருவது நடக்கிறது. சளி பிடித்த குழந்தையின் குரல்வளை சட்டென்று இறுகிக்கொள்ளும், காற்றே போகாது. தெளிவான மூக்கொழுகல் மட்டும் என்றால் மருத்துவர் பார்த்து முடிவெடுப்பார். காய்ச்சல், பச்சைச் சளி, ஈர இருமல், இழுப்பு இருந்தால் குணமான பின் இரண்டு முதல் நான்கு வாரம் தள்ளிவைப்பது நல்லது. மாறுகண் அறுவை எதுவும் ஒரு மாதத்தில் கெட்டுப்போகாது.

வெறும் வயிற்றுக் கணக்கு: இட்லி, சோறு, பிஸ்கட், பசும்பால், பவுடர் பால் எல்லாம் 6 மணி நேரம். தாய்ப்பால் 4 மணி நேரம். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர் 2 மணி நேரம். ராகிக் கஞ்சியும் அரிசிக் கஞ்சியும் மோரும் "தண்ணிதானே" என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அவை 6 மணி நேரக் கணக்கில் சேரும். காலை 8 மணிக்கு அறுவை என்றால் அதிகாலை 2 மணிக்குப் பிறகு உணவோ பாலோ கூடாது, தாய்ப்பால் 4 மணிவரை, தண்ணீர் 6 மணிவரை. இதில் நேர்மாறான தவறும் உண்டு. பயத்தில் இரவு 8 மணிக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர்கூட இல்லாத குழந்தைக்கு நரம்பு கிடைக்காது, சர்க்கரை இறங்கும், எழுந்தபின் வாந்தியும் எரிச்சலும் கூடும். உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஆனால் தண்ணீர் எப்போதுவரை என்று தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல் தேய்க்கும்போது விழுங்கிய ஒரு மடக்குக்காக யாரும் திட்ட மாட்டார்கள். தெரியாமல் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டால் மட்டும் அவசியம் சொல்லுங்கள்.

முந்தைய நாளே தலைக்கு நன்றாகக் குளிப்பாட்டிவிடுங்கள். அடுத்த ஒன்றிரண்டு வாரம் தலைக்கு ஊற்ற முடியாது. அன்று தலையில் எண்ணெய் வேண்டாம், பிளாஸ்திரி ஒட்டாது. கண் மை ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இமை மயிரில் தங்கும் மைத்துகள் தையல் போடும் இடத்தில் விழும். நகப்பூச்சைச் சுரண்டிவிடுங்கள், ஆக்சிஜன் காட்டும் கிளிப் விரலில்தான் மாட்டப்படும். வெள்ளி அரைஞாண், கொலுசு, வளையல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள்.

தியேட்டருக்குள்

சிறு குழந்தைக்கு முகத்தில் மாஸ்க் வைத்து சீவோஃப்ளூரேன் வாயுவில் தூங்க வைத்து, அதன் பிறகுதான் கையில் ஊசி போடுவார்கள். உங்களை உள்ளே அனுமதித்தால் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வரும் அந்த அரை நிமிடத்தில் குழந்தை கை காலை உதறும், கண் மேலே செருகும், மூச்சில் சத்தம் வரும். அது வலியில்லை. குழந்தைக்கும் நினைவிருக்காது.

மூச்சுக்குழாய் விஷயம் மயக்க மருத்துவருக்கு முக்கியம். கண் மருத்துவர் தலைமாட்டில் உட்கார்ந்துவிடுவார், முகம் முழுக்கத் துணி மூடியிருக்கும், நடுவில் போய்க் குழாயைத் திருத்த இடமிருக்காது. அதனால் தாடைப் பக்கம் வளைந்து இறங்கும் குழாயையோ, குரல்வளைக்கு மேல் பொருந்தி உட்காரும், வளையக்கூடிய எல்எம்ஏ என்ற குழாயையோ முதலிலேயே உறுதியாக ஒட்டிவிடுவார்கள். ஸ்கோலினை இங்கே தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. அது கண் தசைகளைப் பதினைந்து இருபது நிமிடம் இறுக்கிவைக்கும். கண்ணைச் சாமணத்தால் பிடித்து எல்லாப் பக்கமும் அசைத்துப் பார்த்து, எந்தத் தசை விறைத்திருக்கிறது என்று அறியும் சோதனை அதனால் பொய்த்துப்போகும்.

போவிடோன் அயோடின் 5 சதவீதக் கரைசலைக் கண்ணில் விட்டுச் சில நிமிடம் காத்திருந்து கழுவுவது கிருமித்தொற்றைத் தடுக்கும் முதன்மையான படி. பிறகு இமை விரிப்பானை மாட்டி, வெண்படலத்தில் ஒரு சிறு வெட்டு. பலர் கீழ் இமை மறைக்கும் மடிப்பிலேயே இதைப் போடுகிறார்கள், தழும்பு வெளியே தெரியாது. அந்த வழியாகக் கொக்கியை விட்டுத் தசையை முழு அகலத்துக்கும் பிடிக்க வேண்டும். ஓரத்தில் சில இழைகளை விட்டுவிட்டுப் பிடித்தால் அளவெல்லாம் வீண்.

கொக்கி மாட்டி இழுக்கும் அந்தக் கணம்தான் தியேட்டரில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்ளும் கணம். அதுவரை டிக் டிக் டிக் என்று நிமிடத்துக்கு நூற்றுப் பத்து அடித்துக்கொண்டிருந்த மானிட்டர் சட்டென்று டிக்... டிக்... என்று இழுக்கும். திரையில் எண் எண்பது, எழுபது, அறுபது என்று இறங்கும். "சார், விடுங்க" என்பார் மயக்க மருத்துவர். கொக்கி தளர்ந்ததும் சில நொடிகளில் துடிப்பு பழையபடி ஏறிவிடும். கண் தசையை இழுத்தால் ட்ரைஜெமினல் எனப்படும் முக்கிளை நரம்பு வழியாகச் செய்தி மூளைத்தண்டுக்குப் போய், வேகஸ் நரம்பு வழியாக இதயத்தை அடக்குகிறது. 1908லேயே அஷ்னர், டாக்னினி என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியாக விவரித்த அனிச்சைச் செயல் இது. துடிப்பு 20 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் இதைக் கணக்கில் எடுப்பார்கள். அரிதாக இதயம் சில நொடி நின்றும் போகும்.

செய்ய வேண்டிய வரிசை மாறக் கூடாது. முதலில் இழுப்பதை விடுவது. அடுத்து ஆக்சிஜன், மூச்சு, கரியமில வாயு அளவு, மயக்கத்தின் ஆழம் ஆகியவற்றைப் பார்ப்பது. மயக்கம் லேசாக இருந்தாலும் கரியமில வாயு கூடியிருந்தாலும் இந்த அனிச்சை வலுப்படும். அப்போதும் மீளவில்லை என்றால், அல்லது ஒவ்வொரு தடவை தொடும்போதும் திரும்பினால், அட்ரோபின் ஊசி கிலோவுக்கு 0.02 மி.கி. நரம்பில் போடுவார்கள். 12 கிலோ குழந்தைக்கு 0.24 மி.கி. நம் ஊர் ஆம்பியூலில் ஒரு மில்லியில் 0.6 மி.கி. இருப்பதால் இது 0.4 மில்லி. கொக்கி மாட்டுவதற்கு முன்பே இதை சிரிஞ்சில் எடுத்து, பெயர் எழுதி, கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது நல்ல பழக்கம். வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக, ஒரே சீராக இழுக்கும் கைக்கு இந்தத் தொல்லை குறைவாகவே வரும்.

அதன் பிறகு 6-0 விக்ரில் நூலால் தசையின் இரு ஓரத்திலும் பூட்டுத் தையல் போட்டு, தசையைக் கண்ணிலிருந்து வெட்டி எடுத்து, கேலிப்பர் என்ற அளவுக்கருவியில் மில்லிமீட்டர் வைத்துக் குறித்து, அங்கே தைப்பார்கள். தசைக்குப் பின்னால் கண்ணின் வெள்ளைச் சுவர் 0.3 மி.மீ. கனம்தான். ஊசி அந்தக் கனத்துக்குள்ளேயே படுத்தவாக்கில் போக வேண்டும், போகும் தூரம் முழுவதும் மேலிருந்து மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஆழம் கூடினால் விழித்திரையில் துளை, குறைந்தால் தசை நழுவும். பூட்டுத் தையல் தசையின் உறையை மட்டும் பிடித்து உள்ளிழைகளை விட்டுவிட்டாலும் பின்னாளில் தசை பின்னால் நழுவிப்போகும். மீடியல் ரெக்டஸ் கை நழுவினால் தேடிப் பிடிப்பது மிகக் கடினம், அதைப் பிடித்து நிறுத்தப் பக்கத்தில் வேறு தசை இல்லை.

ஒரே கண்ணில் ஒரே நேரத்தில் ரெக்டஸ் எனப்படும் நேர்த்தசை மூன்றைத் தொட யோசிப்பதற்கும் காரணம் உண்டு. கண்ணின் முன்பகுதிக்கு இரத்தம் இந்தத் தசைகளோடுதான் வருகிறது. லேட்டரல் ரெக்டஸில் ஒரு குழாய், மற்ற மூன்றில் இரண்டிரண்டு. வயதானவர்களுக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இது கூடுதல் ஆபத்து.

வலிமிகு பல அறுவைகளைவிட இதில் வாந்தி அதிகம். அதனால் மயக்கத்திலேயே டெக்ஸாமெத்தசோன் கிலோவுக்கு 0.15 மி.கி.யும், முடியும் தறுவாயில் ஒண்டான்செட்ரான் கிலோவுக்கு 0.1 மி.கி.யும் கொடுப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். மார்ஃபின் வகை வலி மருந்தைக் குறைத்து, பாரசிட்டமாலையும் அந்த இடத்தை மட்டும் மரக்கவைக்கும் மருந்தையும் நம்புவது நல்லது.

அரிதான, ஆனால் யாரும் மறக்கக் கூடாத ஒன்று மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா, மயக்க மருந்தால் உடல் சூடு எகிறும் நிலை. காரணமில்லாமல் கரியமில வாயு ஏறிக்கொண்டே போவது, இதயம் படபடப்பது, தாடை விறைப்பது முதல் அறிகுறிகள். காய்ச்சல் பின்னால்தான் வரும். வாயுவை நிறுத்தி, தூய ஆக்சிஜன் கொடுத்து, டான்ட்ரோலின் கிலோவுக்கு 2.5 மி.கி. போட வேண்டும். அட்ரோபினாலும் முகம் சிவந்து துடிப்பு ஏறும். ஆனால் அதில் கரியமில வாயு ஏறாது.

பெரியவர்களுக்கு

"இந்த வயசில் எதுக்கு?" என்று நாற்பதிலும் ஐம்பதிலும் தள்ளிப்போடுகிறார்கள். கண் நேரானால் எதிரே இருப்பவரை நேராகப் பார்த்துப் பேச முடிகிறது, உள்நோக்கிய மாறுகண்ணில் பக்கப் பார்வையும் விரிகிறது. எந்த வயதிலும் செய்யலாம். ஆனால் முன்னதாகப் பட்டகம் வைத்துக் கண்ணை நேராக்கிக் காட்டி, இரண்டிரண்டாகத் தெரிகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். நரம்பு செயலிழந்து புதிதாக வந்த மாறுகண்ணென்றால் ஆறு மாதம் பொறுத்தால் பல தானாகவே தெளியும். தைராய்டு கண் நோயில் அளவு ஆறு மாதமாவது மாறாமல் நிற்க வேண்டும். கண்குழி எலும்பு அறுவை தேவையானால் அது முதலில், பிறகு தசை, கடைசியாக இமை.

பெரியவர்களுக்கு மரத்துப்போகும் ஊசியிலும் செய்யலாம். கண்ணின் உறைக்கு அடியில் மழுங்கிய குழலால் லிக்னோகெயினைச் செலுத்தும் முறை கூர் ஊசியைவிடப் பாதுகாப்பு. மரப்பு இருந்தாலும் தசையை இழுக்கும்போது ஒரு அமுக்கமும் குமட்டலும் வரும், முன்கூட்டியே சொல்லிவைத்தால் நோயாளி பதற மாட்டார். மறு அறுவைக்கும் தைராய்டு கண்ணுக்கும் சரிசெய்யக்கூடிய தையல் நல்ல வழி. முடிச்சை இறுக்காமல் விட்டு, மரப்பு முழுவதும் தெளிந்தபின் நோயாளியை உட்காரவைத்து அளந்து, சொட்டு மருந்து மரப்பில் நூலை இழுத்தோ தளர்த்தியோ முடிச்சிடுவது. ஊசி மரப்பு இருக்கும்போதே சரிசெய்தால் அளவு பொய்யாகும்.

சிறு கோணங்களுக்கும் புதிய நரம்பு வாதத்துக்கும் போட்டுலினம் ஊசி ஒரு மாற்று. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் இதை மாறுகண்ணுக்காகத்தான் உருவாக்கினார். 1989ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. சுருக்கம் போக்கும் ஊசியாக உலகம் அறிந்தது பிற்பாடு. வேலை மூன்று மாதம்தான் இருக்கும், சில வாரம் இமை தொங்கலாம்.

கண் விழித்தபின்

முதல் கால் மணி நேரம் குழந்தை வீறிட்டு அழும், அம்மாவையே அடையாளம் தெரியாததுபோல் திமிறும். மயக்கம் கலையும் விதம் அது. மடியில் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, கையை மட்டும் கண்ணுக்குப் போகாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணீரில் இரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக வடிவது முதல் நாள் இயல்பு. "பசிக்குமே" என்று பாலைப் புகட்டாதீர்கள். கேட்டால் இரண்டு வாய் தண்ணீர், அரை மணி கழித்து மீண்டும், பிறகு இட்லி. தூரத்து ஊர் என்றால் அன்றிரவு பக்கத்திலேயே தங்குவது நல்லது. பஸ் குலுக்கலில் வாந்தி கட்டாயம் கூடும்.

வலிக்குப் பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். 12 கிலோ குழந்தைக்கு 180 மி.கி. கடையில் 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது. முதலாவதில் 7.5 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி. பாட்டில் மாறினால் அளவு இரண்டு மடங்காகிவிடும், லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடாது.

சொட்டு மருந்துக்குக் கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு, மூக்கோர மூலையை ஒரு நிமிடம் லேசாக அமுக்கிப் பிடிப்பது, அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. ஸ்டீராய்டு சேர்ந்த சொட்டை எழுதிக்கொடுத்த நாளுக்கு மேல் மெடிக்கலில் வாங்கித் தொடராதீர்கள், கண் அழுத்தம் ஏறும். பீளையைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் மூக்குப் பக்கமிருந்து வெளியே ஒரு தடவை துடைத்து, பஞ்சை எறிந்துவிடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூ எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது.

கழுத்துக்குக் கீழ் மறுநாளே குளிக்கலாம். மண் விளையாட்டு இரண்டு வாரம், நீச்சல் நான்கு வாரம் வேண்டாம். பள்ளிக்கு ஒரு வாரத்தில் போகலாம். டிவி பார்ப்பதால் தையல் பிரியாது. சிவப்பு இரண்டு மூன்று வாரம் இருக்கும், தசையைச் சுருக்கிய கண்ணில் இன்னும் அதிகம். நூல் தானாகக் கரையும். சில நாள் இரண்டிரண்டாகத் தெரியலாம், படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும்: முதல் இரண்டு நாள் தணிந்த வலி மீண்டும் ஏறுவது, இமை வீங்கி மூடிக்கொள்வது, சீழ், காய்ச்சலோடு குழந்தை சோர்ந்து படுப்பது, பார்வை மங்குவது, நேராக இருந்த கண் திடீரென்று ஒரு பக்கம் ஓடி எதிர்ப்பக்கம் திரும்ப மறுப்பது. கடைசியில் சொன்னது தசை நழுவிய அடையாளம். ஒரு வாரத்துக்குள் கண்டால் பிடித்துத் தைப்பது எளிது, மாதம் கடந்தால் தழும்புக்குள் தேட வேண்டிவரும்.

மறுநாள், ஒரு வாரம், ஆறு வாரம், மூன்று மாதம் என்று பார்க்க வரச் சொல்வார்கள். முதல் வாரத்தில் கண் சற்று எதிர்ப்பக்கம் இருந்தாலும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் கலங்க வேண்டாம். வீக்கம் வடிந்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் எடுக்கும் அளவுதான் கணக்கு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பின்னாளில் இன்னோர் அறுவை தேவைப்படலாம், இதை முதல் நாளே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அதுவரை கண்ணாடி, மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை ஒட்டு, பார்வை நிலைபெறும் எட்டு ஒன்பது வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை.